கஞ்சி போட்ட வேட்டியும் என் மார்க்கும்

என்னை ஃபெயிலாக்கியது எங்கள் தாவரவியல் வாத்தியாரின் வேட்டி. அவர் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் கல்லூரிக்குப் போய் பி.யு.சி. படித்தேன். செய்முறைத் தேர்வில் இரண்டு கிண்ணம் வைப்பார்கள்: ஒன்றில் சோறு, மற்றதில் பஞ்சு. அயோடின் சொட்டு விட்டு, எது மாவுச்சத்து, எது செல்லுலோஸ் என்று காரணத்தோடு எழுத வேண்டும். எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. அரிசியும் வைக்கோலும் ஒரே பயிரில் வருவதைப் பார்த்து வளர்ந்தவன். இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிதான். நெல்மணிக்குள் அது சுருண்டு கிடக்கும். முளைக்கிற நேரத்தில் விதை அதைச் சுலபமாகப் பிரித்துத் தின்னலாம். அந்தச் சுருளுக்குள் அயோடின் நுழைந்தால் நீலம். வைக்கோலில் சங்கிலிகள் நேராக நீண்டு, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். பயிரை நிமிர்த்தி நிறுத்துவது அதன் வேலை. சுருள் இல்லை, நீலமும் இல்லை. மாட்டு வயிற்றுக் கிருமி அதைப் பிரிக்கும்; நம் வயிற்றுக்கு அது ஆகாது.

அன்று பார்த்துப் பஞ்சு தீர்ந்துவிட்டது. வாத்தியார் அறையில் மடித்து வைத்திருந்த பழைய வேட்டியை அட்டெண்டர் கிழித்து, ஆளுக்கொரு துண்டு வைத்துவிட்டார். சோறு நீலமானது. துணியும் நீலமானது. இரண்டிலும் மாவுச்சத்து இருக்கிறது என்று எழுதினேன். மற்றவன் எல்லாம் நீலத் துணியைப் பார்த்துக்கொண்டே 'நிறம் மாறவில்லை' என்று எழுதினான்.

வாத்தியார் என் தாளைப் பார்த்தார். "இன்னாடா இது, துணியில ஏதுடா மாவு?"

"கஞ்சி சார். உங்க வேட்டியாச்சே."

அட்டெண்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாத்தியார் உட்கார்ந்தாலும் அவர் வேட்டி நிற்கும் என்று கல்லூரியே சொல்லும்.

நான் விடவில்லை. துண்டை வெந்நீரில் கொதிக்க வைத்து, நாலு தரம் அலசி, மறுபடி சொட்டு விட்டேன். நீலம் வரவில்லை. கஞ்சி கரைந்து போயிற்று, நூல் அசையவில்லை. இப்போதுதான் சார் இது செல்லுலோஸ் என்றேன். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தபடியே தாளில் முட்டை போட்டார்.

"புஸ்தகத்துல இன்னா போட்டிருக்கோ, அதுக்குத்தான்டா மார்க்கு."

பொய் எழுதியவன் எல்லாம் பாஸ். நான் செப்டம்பரில் மறுபடி எழுதினேன்.

பழைய மாணவர் கூட்டத்துக்கு அவர் வருகிறாராம். வரட்டும். மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொல்லட்டும்: அந்தத் துணி நீலமானதா, இல்லையா?