பட்டுப்பாவாடையைப் பல்லில் கடித்தபடி செல்வி

என் தங்கைக்கு நடமாட்டமே இல்லை என்று எழுதியவர், எழுதும் வரை அவள் நகர்வதைப் பார்க்கவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம்.

செல்விக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம். கால்கள் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும், பேச்சு குழறும். (ரம்மியில் மட்டும் அவளை யாராலும் ஜெயிக்க முடியாது. கீழே போட்டோவில் முறைப்பது அவள்தான்.)

ஒரு பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை, பாத்ரூமுக்குத் தானே போய்வர வேண்டும். அதை ஆஸ்பத்திரியில் சோதித்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள்.

பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று அம்மா அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள். (கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே உடுப்பு.)

டாக்டர் அவளை உயரமான மேசைமேல் உட்காரவைத்தார்.

"சலோ பேட்டா, இங்கே நகர்ந்து வா."

விறைப்பான பட்டு காலைச் சுற்றிக்கொண்டது. விழுந்துவிடும் பயத்தில் செல்வி அசையவே இல்லை.

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "பாத்ரூம் குத் ஜாத்தி ஹை?" தானாகப் போவாளா என்று கேட்கிறார்.

பிள்ளையைக் கவனிக்காதவள் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே! அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் இருக்கும்போது அவ எதுக்குத் தனியாப் போவணும்? நாந்தான் தூக்கிட்டுப் போவேன். சொல்லுல அவர்ட்ட."

சொன்னேன். நடமாட்டம் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

அம்மா அவளைத் தரையில் இறக்கிவிட்டாள். நான் டாக்டரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். இந்த மேசை எங்கள் வீட்டில் இல்லை, அவள் புழங்குவது தரையில், தரையில் வைத்துப் பாருங்கள் என்று.

திரும்பினால் செல்வியைக் காணோம்.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்தாள்.

பாவாடையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, விளிம்பைப் பல்லில் கடித்திருந்தாள். இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி ஒரு வீச்சு. மறுபடி ஊன்றி, மறுபடி வீச்சு. படகுக்குத் துடுப்புப் போடுகிற மாதிரி. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தாங்களாகவே காலை மடக்கி வழிவிட்டார்கள்.

பாத்ரூம் கதவின் கைப்பிடியில் தொங்கி எழுந்தாள். தோளால் கதவைத் தள்ளினாள். உள்ளே போய்த் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டாள்.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

இத்தனை வருஷம் ஒரே அறையில் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அந்த உடம்பு தனக்கென்று இப்படியொரு வழி கண்டுபிடித்து வைத்திருப்பது எனக்குத் தெரியாது.

வெளியே வந்தவளிடம் அம்மா கேட்டாள். "எப்பம்ட்டி இதெல்லாம் படிச்ச?"

"நீ பால் பூத் க்யூவுல நிக்கும்போது. நீ வார வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்க முடியுமா?"

"பட்டை நனைச்சிட்டியேட்டி..." அம்மா குனிந்து பாவாடை விளிம்பைப் பிழிந்தாள்.

டாக்டரும் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். "இதை மாத்தி எழுதுங்க சார்" என்றேன்.

"மாதாஜியே இல்லைன்னுதானே சொன்னாங்க."

செல்வி தரையிலிருந்து அவரை அண்ணாந்து பார்த்தாள். குழறும் நாக்கில், ஒவ்வொரு சொல்லாக, அவருக்குப் புரிகிற இந்தியிலேயே சொன்னாள்.

"முஜ்ஸே பூச்சோ."

என்னைக் கேளுங்கள்.

அவர் பேனாவை மூடிவிட்டு, அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்.