காசினோ மேடு

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். அதன் கரையிலிருந்த மணல்மேட்டுக்குக் காசினோ மேடு என்று பேர். வைத்தவர் இருசப்பன். இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்தில் சேர்ந்து இத்தாலிக்குப் போய், காசினோ மலையடியில் நடந்த சண்டையில் கூட்டாளிகள் இரண்டு பேரைப் பறிகொடுத்துத் திரும்பியவர்.

பேர் வைக்கும் யோசனை, அங்கே அவர் காவல் காத்த ஒரு ஜெர்மன் கைதியால் வந்தது. அவன் ஊரில் ஒரு குன்று உண்டாம். முந்தைய யுத்தத்தில் அவ்வூர்ப் பிள்ளைகள் மாண்ட போர்க்களத்தின் பேரை அதற்கு வைத்திருந்தார்களாம். தாய்மார் அங்கே மெழுகுவத்தி ஏற்றுவார்களாம். அந்தக் குன்றில் விளையாடிய பையன்கள்தான் இந்த யுத்தத்துக்கு வந்திருக்கிறோம் என்றும் அரைகுறை இங்கிலீஷிலும் கைச்சாடையிலும் சொன்னான். இருசப்பன் மனதில் மெழுகுவத்தி மட்டுமே தங்கியது. செவ்வாய்தோறும் மேட்டில் கற்பூரம் ஏற்றினார்.

குப்பத்துக்கோ அந்த மேடுதான் வழிகாட்டி. அதன் உச்சியும் தூரத்துத் திருக்கழுக்குன்ற மலையும் ஒரே நேராகத் தெரியும்படி பிடித்துவந்தால் கட்டுமரம் பத்திரமாகக் கரை சேரும். கொஞ்சம் விலகினாலும் தண்ணீருக்கடியில் பாறை.

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் அம்மன் கோவிலுக்குத் தளம் போட மணல் தேவைப்பட்டது. மேட்டில் கொஞ்சம் வெட்டினால் ஒன்றும் ஆகாது என்று ஊர் கூடி முடிவு செய்தது. சாமி காரியமாயிற்றே என்று இருசப்பனும் தலையாட்டினார். வெட்டுகிற அன்று விடிகாலை, கடலுக்குக் கிளம்பிய அக்காள் மகன் ஜம்புலிங்கம் அவரைச் சீண்டினான்.

"இன்னா மாமா, உன் சண்டக்கார மேட்ட அம்மனுக்குக் குடுத்துட்டியா? இனி கற்பூரத்த எங்க கொளுத்துவ?"

அவனுடையதோடு மூன்று கட்டுமரங்கள் கடலுக்குப் போயின. பகலெல்லாம் மணல் வெட்டினார்கள். கரையிலிருந்து பார்த்தால் ஓராள் உயரம்தான் குறைந்திருந்தது. மாலையில் வானம் கறுத்து வாடைக்காற்று ஏறியது. பாய்கள் தெரியவும், மரம் இழுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கிய இருசப்பன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். உச்சி இருந்த இடம் தட்டையாகிவிட்டது. வடக்கேயிருந்த சின்ன முதுகு இப்போது உச்சியாக நின்றது. அதை மலையோடு நேர்பிடித்தால் வழி பாறைமேல்தான் போகும்.

ஓடினார். மீன்கூடையோடு காத்திருந்த ஜம்புலிங்கத்தின் பெண்சாதி குப்பம்மா என்னவென்று கேட்டாள்.

"உச்சி நவுந்துபோச்சும்மா. எல்லாரையும் கூப்புடு. வெட்டின எடத்துல ஆளு மேல ஆளு நின்னாத்தான் அவுனுங்களுக்குத் தெரியும்."

ஊரே மேட்டில் ஏறியது. தோள்மேல் தோளாக நின்று வேட்டியை வீசினார்கள். முதல் மரம் தெற்கே திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. ஜம்புலிங்கத்தின் பாய் மட்டும் நேராக வந்துகொண்டிருந்தது. முருகா முருகா என்று இருசப்பன் கூப்பிட்டார்.

பாய் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பிறகு அங்கே அலைதான் இருந்தது.

மறுநாள் எந்த மரமும் இறங்குவதற்குள், கோவில் வாசலில் கொட்டியிருந்த மணல் மேட்டுக்குத் திரும்பியது. பூசாரியை யாரும் கேட்கவில்லை. முதல் கூடையைத் தூக்கியவள் குப்பம்மா. அள்ளிப் போட்டவர் இருசப்பன். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கூடையை நீட்டினாள்.