கொடுவா வரவில்லை, முறை திரளிக்கு

புதன்கிழமை காலை, அமிர்தகழியில் எங்கள் வீட்டு மேசையில் நிற்கும் என் பழைய கணினியின் திரையில் ஒரு வரி வந்தது: "கொடுவா வரவில்லை. முறை திரளிக்கு." நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொடுவா என்பது சித்தாண்டியில் யோகா அக்காவின் போட்டோ ஸ்டூடியோக் கடையில் நிற்கும் கணினி. அதற்கு அடிக்கடி மூச்சு நின்றுவிடும். ஆனால் கொஞ்ச நேரத்தில் திரளியும் வரவில்லை, மணலையும் வரவில்லை, ஓராவும் வரவில்லை என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் "முறை கூனிக்கு" என்று நின்றது. கூனி என்னுடைய கணினி. சித்தாண்டியில் கரண்ட் இல்லையாக்கும் என்று நினைத்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவருடைய தம்பி ரவி அண்ணன் கதைத்தார்.

"தங்கச்சி, அக்கா விடியக்காலம போயித்தா. நெஞ்சு நோகுது எண்டவ. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகக்குள்ளயே முடிஞ்சிது. நான்தான் கடைக்குப் போய் மெயின் சுவிச்ச நிப்பாட்டினன்."

இந்த இணையக் குழுமத்தில் இருக்கிற உங்களில் பலருக்கு அவரை 'மறுகா' என்ற பெயரில்தான் தெரியும். நானும் முதலில் உங்களைப் போலத்தான், மறுகா என்றால் கனடாவில் இருக்கும் யாரோ பெரிய எஞ்சினியர் ஐயா என்று நினைத்திருந்தேன். அவர் எழுதிய ஒவ்வொரு பதிலையும் சேமித்து வைத்து, விளங்காத இடத்தையெல்லாம் இணையத்தில் தேடிப் படித்தேன். பிறகு ஒருநாள்தான் மண்டையில் தட்டியது: 'பிறகு' என்பதற்கு மறுகா என்ற சொல்லை எங்கள் ஊர்ச் சனத்தை விட்டால் வேறு யார் சொல்வார்கள்? நீங்கள் மட்டக்களப்பா என்று தனிமடலில் கேட்டேன். "சித்தாண்டி. நீ?" என்று வந்தது. அமிர்தகழி என்றேன். "அட! ஒரு பஸ் ஏறினா வந்திரலாம். என்னத்துக்கு கா நாம இவ்வளவு நாளா ஆகாசத்தால கதைச்சிக்கிட்டு இரிக்கம்?"

அடுத்த பஸ்ஸில் போனேன். அங்கே நான் பார்த்தவை, சுனாமிக்குப் பிறகு யாரோ நன்கொடையாகக் கொடுத்து, பழுதானதும் யாரும் தேடாமல் விட்ட கணினிகள். அக்கா அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, பிரித்துப் பூட்டி, வயர் இழுத்து ஒன்றோடு ஒன்று தொடுத்திருந்தார். கடல் தண்ணீரில் ஊறிய படங்களைச் சனம் அப்போதிலிருந்தே அவரிடம் கொண்டுவந்தபடி இருந்தது. கறை பிடித்த ஒவ்வொரு சின்னத் துண்டையும் அதே படத்தின் மற்றத் துண்டுகளோடு ஒப்பிட்டுத் துப்புரவாக்கும் நிரல் ஒன்றை அவரே எழுதியிருந்தார். ஒரு பழைய கணினியிடம் தனியாக விட்டால் ஒரு படத்துக்குக் கிழமைக்கணக்கில் செல்லும். அதனால் படத்தைத் துண்டுகளாக்கி எல்லாவற்றுக்கும் பகிர்ந்தார்.

முதலில் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பு முழுவதும் கொடுவாவிடம் இருந்ததாம். "மத்ததெல்லாம் வேலைய முடிச்சித்துக் கை கட்டிக்கிட்டு நிக்கிது. கொடுவா மட்டும் ஆருக்கு என்ன குடுக்கிற எண்டு கணக்குப் பாத்து வேர்த்துக் கொட்டுது," என்று சிரித்தார். அப்படியென்றால் இன்னும் வேகமான ஒன்றை வாங்கிக் கொடுவாவின் இடத்தில் வைக்கலாமே என்றேன். இணையத்தில் படித்த அத்தனை சொற்களையும் அவர் மேல் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்:

"உங்கட கோயில்ல திருவிழாவ ஆர் நடத்துற?"

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடி," என்றேன். குடி என்றால் எங்கள் பக்கத்தில் தாய்வழி வம்சம்.

"ஒரு குடிக்குள்ள செத்த வீடு விழுந்து, துடக்கு, கோயிலுக்குப் போக ஒண்ணா எண்டா?"

"அந்த நாள அடுத்த குடி எடுக்கும்."

"சாமி வீதி வராம நிக்குமா?"

"இல்ல."

"மறுகா என்ன கா? அதத்தான் எழுதி வெச்சிரிக்கன்."

அவ்வளவுதான் விசயம்! வேலையை மட்டுமல்ல, வேலையைப் பகிர்கிற வேலையையும் அவர் பகிர்ந்துவிட்டார். முறை சுற்றி வரும். முறை வரும் கணினிக்குக் கை நிறைய வேலை இருந்தால் அது முறையைப் பக்கத்திலுள்ளதற்குத் தள்ளிவிடும். கூப்பிட்டும் ஒன்று பதில் சொல்லாவிட்டால் அடுத்தது தானாக எடுத்துக்கொள்ளும். எது முடிந்தது, எது மிச்சம் என்ற கணக்கு எல்லாவற்றிடமும் ஒரே மாதிரி இருக்கும். கணினிகளுக்குக் குடிகளின் பெயரையே வைத்திருக்கலாமே என்று கேட்டேன். "வெச்சிப் பாரு. எங்கட குடிர மெசின் ஏன் மூலைக்குள்ள கிடக்கு எண்டு ஊரே சண்டைக்கு வரும். மீனெண்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." என் கணினியையும் இணைய டொங்கிள் வழியாகச் சேர்க்கலாமா என்றதற்கு அதன் வேகத்தைப் பார்த்துவிட்டு, கூனி என்று பெயர் வைத்தார். சின்ன இறால்!

அவர் போன அன்று அந்தக் கணினிகளில் ஒரு படம் பாதியில் நின்றது. தன்னாமுனை பிலோமினா மாமி கொண்டுவந்த படம். மாமியின் மகன் சண்டையின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனவர். சண்டை முடிந்த நாள் முதல் மாமி தேடுகிறார். கையில் இருப்பது சுனாமித் தண்ணீரில் ஊறிய ஒரே ஒரு படம். அதில் முகத்தின் மேல் மண்ணிறக் கறை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய், வன்னியிலிருந்து வந்து அங்கே இருப்பவர்களிடம் காட்ட அவருக்கு ஒரு முகம் வேண்டும். "வெள்ளிக்கிழமை காலம வாங்க மாமி, முகம் தருவன்," என்று அக்கா சொல்லியிருந்தார்.

புதன் பின்னேரம் செத்த வீட்டுக்குப் போனேன். மாமியும் வந்து பந்தலுக்குள் ஒரு ஓரமாக இருந்தார். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரவி அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கடையத் திறக்க ஒண்ணா தங்கச்சி. எட்டாம் நாள் சடங்கு முடியட்டும்."

"அண்ணன், கணக்கு கூனிட்டயும் இரிக்கு. ஆனா துண்டெல்லாம் அந்த மெசினுகளுக்குள்ள. கூனி தனிய ஓடினா வெள்ளிக்கு முடியாது."

அவர் பந்தல் காலில் கையை ஊன்றினார். "துடக்கு வீட்டில நடக்காதெண்டா அடுத்த வீடு எடுக்கணும். அதுதானே இவட சட்டம்? எந்த நாளும் சோத்துக்கு முன்னால இருந்து இதத்தானே சொல்லுவா." பிறகு வெளியே திரும்பிச் சத்தமாக, "டேய், அந்த லாண்ட்மாஸ்டர எடுங்கடா!" என்றார்.

அடுத்த நாள் அடக்கம் முடிந்த கையோடு நாலு கணினியும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலுக்கு மேல் குலுங்கிக்கொண்டு அமிர்தகழிக்கு வந்தன. கொடுவா வரும் வழியிலேயே செத்துவிட்டது. நான் பயந்து போனேன். ஆனால் மற்றவற்றை இயக்கியதும், யாரும் எதுவும் சொல்லாமலே, "கொடுவா வரவில்லை. முறை திரளிக்கு" என்று வந்தது. கொடுவா வைத்திருந்த துண்டுகளின் இரண்டாவது பிரதி மணலையிடம் இருந்தது. வேலை விட்ட இடத்திலிருந்து ஓடியது.

வெள்ளி காலை முகம் வந்தது. இடது காது மட்டும் இல்லை. கறைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சாத இடத்தில் நிரல் எதையும் நிரப்பாமல் வெள்ளையாக விடும். "தெரியாத இடத்தத் தெரியாது எண்டு விடு கா. ஒருத்தன்ட முகத்த நாம படைக்க ஒண்ணா," என்று அக்கா ஒருமுறை என்னோடு சண்டையே பிடித்திருக்கிறார். நான் தயங்கித் தயங்கித்தான் மாமியிடம் நீட்டினேன். மாமி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"காது கிடக்கட்டும் மகள். இவன் எப்ப என்ட சொல்லுக் கேட்டவன்?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். படத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மாமி இன்னும் தேடுகிறார். படங்கள் இப்போது எங்கள் வீட்டுக்கு வருகின்றன. கொடுவாவைத் திருத்த முடியவில்லை. வரிசையிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் காத்திருக்கும் நேரம் மிச்சமாகும் என்று இந்தக் குழுமத்திலேயே இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் எடுக்கப் போவதில்லை. முறை சுற்றி வரும்போதெல்லாம் கணினிகள் முதலில் கொடுவாவைக் கூப்பிடுகின்றன, ஒரு மூச்சு நேரம் காத்திருக்கின்றன, பிறகு வேலையைத் தொடங்குகின்றன. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு மூச்சு நேரத்தை.