தூக்கக் கூடாதவை

மானாங் ஃபெர்மினாவுக்கு நாற்பத்து நான்கு வயது. எங்கள் ஊரில் எனக்கு மூத்த பெண்களெல்லாம் மானாங்தான், அதாவது அக்கா. ஜீப்னி வண்டி நிற்கும் சாலையிலிருந்து மேலே வீடுகளுக்கு முந்நூறு படிகள். மணல், சிமெண்டு, கூரைத் தகரம் எல்லாம் அவர் கூலிக்குச் சுமந்து ஏற்றியவை. கல்லூரி முடித்து நான் கொண்டுவந்த புத்தகப் பெட்டியையும் அவர்தான் ஏற்றினார்.

"இவ்வளவு கனத்தையும் மண்டைக்குள்ள ஏத்திட்டியாடி?" என்று கேட்டார்.

சென்ற மாதம் அவருடைய இடது கை மரத்துப்போனது. நகர மருத்துவமனைக்கு நான் துணைக்குப் போனேன். மருத்துவர் மணிலாக்காரர், தகலோகு மொழிதான் பேசுவார். மானாங்கின் தகலோகு சந்தைக்குப் போதும், உடம்பைப் பற்றிப் பேசப் போதாது.

"கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு. இனிமே சுமை தூக்கக் கூடாது," என்றார் மருத்துவர்.

நான் எங்கள் கன்கனாய் மொழியில், "அக்தோ கூடாதாம்," என்றேன். அக்தோ என்றால் தலையில் சுமப்பது. முதுகில் சுமக்க, தோளில் சுமக்க, இருவர் கழியில் சுமக்க, பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டிக்கொள்ள எங்களுக்கு வேறு வேறு சொற்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே அவர் மணலை முதுகுக்கூடைக்கு மாற்றிக்கொண்டார். மூன்றே வாரத்தில் விரல்களும் மரத்தன. படித்தவள் என்றுதான் என்னை அழைத்துப் போனார். நான் என்னதான் படித்தேன்?

இரண்டாம் முறை மருத்துவரிடம் போனபோது ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதுகில் கூடாது. தோளில் கூடாது. கழியிலும் கூடாது.

"அப்போ எனக்கு என்னதான் மிச்சம், உக்கார்றதா?" என்றார் மானாங். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணையாவது விட்டுவைக்கச் சொல்லுடி. புள்ளைய கட்டிக்கிறது மட்டும். இல்லாட்டி ஜெர்வின் தூங்கமாட்டான்."

ஜெர்வின் அவருடைய கடைக்குட்டி. நான் அதைத் தகலோகில் சொன்னதும், குழந்தைக்கு என்ன வயது என்று மருத்துவர் கேட்டார்.

"பத்து மாசம்னு சொல்லு," என்றார் மானாங், என்னைப் பார்க்காமல்.

ஜெர்வினுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. நல்ல கனமான பிள்ளை. போன தடவை தெரியாமல் குறைத்துச் சொன்னேன். இந்தத் தடவை தெரிந்தே குறைப்பதா? அவருடைய கையைப் பார்த்தேன். விரல்கள் மடங்காமல் மடியில் கிடந்தன.

"ரெண்டு வயசு," என்றேன் தகலோகில்.

எண்கள் சந்தைப் பேச்சு. மானாங்குக்குப் புரிந்துவிட்டது. அதுவும் வேண்டாம் என்றார் மருத்துவர்.

ஜீப்னி வரும்வரை மானாங் என்னைவிட்டுத் தள்ளியே நின்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மருந்துப் பையை என் மடியில் போட்டார்.

"பிடி. இதையும் தூக்கக் கூடாதுன்னு அவர்கிட்ட கேட்டு வச்சிருப்பியே."