ஓனரம்மாவின் மயில்கொன்றை

ஏ.எஸ்.ராவ் நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னால், காம்பவுண்டை ஒட்டிக் கொஞ்சம் மண் கிடந்தது. மண் என்ன மண், வீடு கட்டியபோது மிஞ்சிய சிமென்ட் கட்டியும் உடைந்த டைல்ஸும்தான். கணவர் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். மதுரையிலிருந்து வந்த புதிதில் எனக்குத் தெலுங்கும் தெரியாது, பேச ஆளும் கிடையாது. கடப்பாரை இரவல் வாங்கி அந்த இடத்தைக் கொத்தினேன். செகந்திராபாத் நர்சரியில் ஒரு மயில்கொன்றைக் கன்று வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து நட்டேன்.

மாடியில் இருந்த ஓனரம்மா எட்டிப் பார்த்து, வேர் ஓடி சுவர் விரிசல் விட்டால் நீங்கள்தான் பொறுப்பு என்றார்.

செடி ஆளுயரம் வளர்ந்தது. மஞ்சள் கரை போட்ட சிவப்புப் பூக்கள், கொத்துக் கொத்தாக. அப்புறம் ஓனரம்மா தினமும் பித்தளைத் தட்டோடு இறங்கி வந்து பூஜைக்குப் பறித்துக்கொண்டு போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாமிக்குத்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள், அமெரிக்காவிலிருந்து மகன் திரும்பி வருகிறான், வீடு வேண்டும், காலி பண்ணுங்கள் என்றார். நம்பினேன். அடுத்த வாரமே ஒரு இளம் தம்பதியைக் கூட்டி வந்தார். இரண்டு பேர் கழுத்திலும் ஐ.டி. கம்பெனி அட்டை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருக்க, என்னைத் தாண்டிப்போய்ச் செடியைக் காட்டினார்.

"மா செட்டு. பாகுந்தி கதா?"

எங்கள் செடி, நன்றாக இருக்கிறதல்லவா என்கிறார்! தெலுங்கு அதற்குள் எனக்குப் புரியும். என் ஆறு வயது மகள் படியிலிருந்து கத்தினாள்.

"அதி மா அம்மா பெட்டிந்தி!"

எங்கம்மா வைத்தது அது என்றாள். ஓனரம்மா சிரித்து அவள் கன்னத்தைத் தட்டினார். "தமிழ்க் குழந்தை, தெலுங்கு எவ்வளவு அழகா பேசுது பாருங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

கணவரிடம் சொன்னேன். "கூடுதல் வாடகை கிடைக்குது, அனுப்பறாங்க. செடிக்கெல்லாமா அழுவாங்க?" என்றார். செடிக்காக நான் அழவில்லை.

தார்நாகாவில் இரண்டாம் மாடிக்குக் குடிபோனோம். சில மாதம் கழித்து, பழைய விலாசத்துக்குப் போன தபாலை வாங்கப் போனேன். குடிவந்திருந்தது அன்று வந்தவர்கள் இல்லை, வேறொரு பெண். அவள் தபாலை எடுத்து வருவதற்குள் என் கண் செடிப் பக்கம் போய்விட்டது. உச்சிவரைக்கும் பூ. அவள் கவனித்துவிட்டாள், நல்ல பெண்.

"பிடிச்சிருக்கா ஆன்ட்டி? ஓனரம்மா ஆசையா வளர்த்தது. வேணும்னா அவங்ககிட்ட கேட்டு விதை வாங்கித் தரேன்."

"வேண்டாம்மா. எங்க பால்கனில வெயில் படாது" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.