மில்லுத் தண்ணீரும் இன்ஸ்பெக்டரின் இலையும்

எனக்கு எண்பத்தாறு வயதாகிறது. நான் பெற்றது ஐந்து, மூத்தாள் விட்டுப்போனது இரண்டு, ஆக ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஏழும் எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை. அந்தக் கிணற்றைத்தான் அடுத்த வீட்டு அரிசி மில்லுக்காரர் கெடுக்கப் பார்த்தார்.

உத்திரமேரூர்ப் பக்கம் கரண்டு வந்த புதிதில் அவர் தம் வீட்டுக்குப் பின்னால் மில் வைத்தார். புழுங்கலுக்கு நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, நாறிப்போன தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடுவார்கள். அது எங்கள் கிணற்றோரம் வந்து தேங்கும். கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீரே வாடை அடித்தது. கடைக்குட்டி குடிக்க மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டான். இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது, மனுக் கொடு என்றார்கள். கைநாட்டு இல்லை, எழுத்துக்கூட்டிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தேன்.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏறியது மில்லுக்காரர் அனுப்பிய வில்வண்டியில். அதிகாரி வந்தால் முதலில் இலை போடுவது எங்கள் பக்கத்து மரியாதை, வேலை அப்புறம்தான். தொட்டியை முதல் நாளே காலி செய்து, கால்வாயோரம் சுண்ணாம்புத் தூளும் போட்டுவிட்டிருந்தார்கள். மனிதருக்கு மூக்கு இருந்தது, பொடி போடுவதற்கு. எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் மனுக் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் வரும் சேதி காலையில்தான் தெரிந்தது. தொட்டி நிறைய நெல் ஊறிக்கொண்டிருந்தது. மில்லுக்காரருக்குப் பெரிய மூளை. கால்வாயின் வாயை உமி மூட்டைகளால் அடைத்து மேலே மண்ணால் மெழுகச் சொன்னார். வறண்ட கால்வாயைப் பார்த்துவிட்டு ஆள் போய்விடுவார் என்று நினைப்பு. ஆளோ, பாயசம் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் வெகுநேரம் எழவே இல்லை. நெல் அழுகிவிடுமே என்று மில் ஆட்கள் அடைப்பை மறந்து வழக்கம்போலத் தொட்டியைத் திறந்தார்கள். போக வழியில்லாத தண்ணீர் திரும்பி, மில்லுக்காரர் கொல்லையில் புகுந்து, சுவர் எடுக்காத அவர் கிணற்றிலேயே விழுந்தது.

எழுந்துவந்த இன்ஸ்பெக்டர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மழைத்தண்ணீர் போலிருக்கிறது என்றார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

நாறின தண்ணீரில் உலை வைக்க மாட்டேன் என்று மில்லுக்காரர் சம்சாரம் அடுப்பையே மூட்டவில்லை. அந்த வாரமே அவர் தமது தரிசில் குழி வெட்டிக் கழிவை அங்கே திருப்பினார். எங்கள் கிணற்றை இறைத்துவிட்டோம். இரண்டு மழைக்குப் பிறகு வாடை போயிற்று, கடைக்குட்டியும் குடித்தான்.

பல மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து குழியைப் பார்த்தார்.

"என் உத்தரவுக்கு எப்டி பயந்துட்டாரு பாத்தியாம்மா" என்றார்.

"உங்க உத்தரவு இன்னா பண்ணுச்சி சார். அவரு வூட்ல உல வெக்கல. அதுக்குத்தான் பயந்தாரு" என்றேன்.

இதை எழுதிக்கொடுக்கும் பேத்திக்குக் கை வலிக்கிறதாம். போதும்.

"எங்க, மொத்தத்தையும் ஒரு தபா படி கண்ணு. அந்த இன்ஸ்பெக்டருக்கு எங்கனா மரியாத ஜாஸ்தியா பூட்டிருந்தா சொல்லு, கொறச்சிக்கலாம்."