நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்

கை மந்தமானதை வயது என்று எடுத்துக்கொண்டேன். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குத் தைத்த துணியில் பிசிறு நூல் வெட்டும் வேலை. பக்கத்தில் நிற்கும் செல்வி, "என்னக்கா, ஸ்லோ மோசன்ல வெட்டறீங்க? சினிமாவா எடுக்கறாங்க?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிரித்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேத்திக்கு நான்காம் மாதம். மடியில் போட்டுக் கொஞ்சினேன். குழந்தை என் முகத்தையே பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி அழுதது.

மகள் வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். "ஏம்மா, பொட்டப்புள்ளைன்னு புடிக்கலையா? ஒரு நாளாச்சும் இவளப் பாத்துச் சிரிச்சிருக்கியா?"

அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். சிரிப்பு உள்ளேயே நின்றுவிட்டிருந்தது. நான் இயல்பிலேயே பேசாதவள். அதனால் முகம் அசையாமல் போனது யாருக்கும் தெரியவில்லை.

கணவர் கோயம்புத்தூரில் நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் என் முழங்கையை மடக்கி நீட்டினார். கை விட்டு விட்டு, இறுக்கமாக வந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். ஒற்றைத் தலைவலிக்குச் சாப்பிடும் மாத்திரையையும் சீட்டையும் காட்டினேன்.

"எத்தன நாளா சாப்படறீங்க?"

"ரெண்டு வருசமாங்க."

"மூணு மாசத்துக்குத்தான எழுதியிருக்கு?"

"வலி நின்னுருச்சுங்க. அதே சீட்டக் காட்டி மெடிக்கல்ல வாங்கிக்கிட்டனுங்க."

அவர் திட்டவில்லை. ஃப்ளூனாரிசின் என்ற அந்த மருந்து அரிதாகச் சிலருக்குப் பார்கின்சோனிசம் (உடல் விறைத்து அசைவு மந்தமாகும் நிலை) கொண்டுவரும் என்றார். அதை நிறுத்தி வேறு எழுதினார்.

"மொகம் திரும்பி வருமுங்களா?"

"பெரும்பாலும் வந்துரும். மாசக்கணக்குல ஆகும்."

இதை வாசிப்பவர்கள் பயந்து தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். சீட்டில் எத்தனை நாள் என்று பாருங்கள். முடிந்ததும் மருத்துவரிடம் போங்கள்.

விவரம் தெரிந்து மகள் அழுதாள். ஆனாலும் குழந்தையோடு குன்னத்தூரில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது. விறைத்த முகத்தோடுதான் வழியனுப்பினேன்.

எட்டு மாதத்தில் கை வேகம் வந்தது. முகமும் வந்தது என்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தேனோ, ஒருவருக்கும் அது போய்ச் சேரவில்லை.

இப்போது பேத்தி ஓடிவந்து கூப்பிட்டால் உடனே திரும்ப முடிவதில்லை. கன்னத்தில் விரலை வைத்து, சதை மேலேறுகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே திரும்புகிறேன். அதற்குள் அவள் வேறு எதையோ பார்க்கப் போய்விடுகிறாள்.